வளைவில் எரிந்த சிவப்பு விளக்கு

இந்தக் கதையில் வேண்டுமென்றே தீங்கு செய்தவர் யாருமில்லை. ஆனாலும் ஒருவர் கால் போயிற்று. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நிதானமாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

நப்பின்னை கோயம்புத்தூரில் மயக்க மருந்து டாக்டர். நாற்பத்து மூன்றாம் வயதில், வீட்டில் யாரையும் கேட்காமல், இரண்டே இருக்கைகள் கொண்ட ஒரு நீல ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினாள். பதினோரு வருடப் பழைய வண்டி. விற்றவர் குன்னூரில் தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற டேவிட் ஞானசிகாமணி. அவர் எதையும் மறைக்கவில்லை. வலப்பக்க ஜன்னல் கண்ணாடி ஏற்றும்போது பாதியில் நின்றுவிடும், இடக் கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும், வளைவுகளில் திரும்பும்போது டேஷ்போர்டில் பிரேக்குக்கான சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணையும் என்று தாமே சொன்னார். விளக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னார். இரண்டு மாதமாக அப்படித்தான் எரிகிறது, ஒன்றும் ஆகவில்லை, எங்கோ ஒயர் லூசாக இருக்கும் என்றார்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் கேலி தொடங்கியது. தம்பி இளவழகன் அதற்கு ‘சீக்காளி’ என்று பெயரே வைத்துவிட்டான். நப்பின்னை சிரித்துச் சமாளித்தாளே தவிர, உள்ளுக்குள் சுருக்கென்றது. எல்லாம் சில்லறைக் கோளாறுகள், ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த சிக்கந்தரிடம் வண்டியை விட்டாள்.

கண்ணாடி ஏறியது. கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. மூன்றாவதைப் பற்றிச் சொல்லும்போது சிக்கந்தர் கையைத் துடைத்துக்கொண்டு அவள் அருகில் வந்து நின்றார்.

“டாக்டரம்மா, ஒயர்ல கோளாறு இல்லைங்க. பிரேக் ஆயில் ஒரு விரக்கடை இறங்கியிருந்துச்சு, ஊத்திட்டேன். வெளியே எங்கேயும் கசிவு தெரியல. பத்து நாள் கழிச்சுத் திறந்து பாருங்க. மறுபடி இறங்கியிருந்தா வண்டியை எடுக்காதீங்க. எனக்கு ஒரு போன் பண்ணுங்க, நான் வர்றேன்.”

மீதமிருந்த ஆயில் புட்டியையும் அவளிடமே கொடுத்தார்.

பதினோராம் நாள், மருத்துவமனை வாசலில் வண்டியைத் திருப்பும்போது விளக்கு எரிந்தது. நப்பின்னை இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஆயில் இறங்கியிருந்தது. சிக்கந்தரை அழைக்கத்தான் போனை எடுத்தாள். அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்துவிட்டது. புட்டியில் இருந்ததை ஊற்றி மூடினாள். விளக்கு அணைந்துவிட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள்.

அதே வாரம் இளவழகனின் கார் சர்வீசுக்குப் போயிருந்தது. இரண்டு நாளைக்குச் சீக்காளியைக் கொடு என்று வந்து நின்றான். சாவியை நீட்டியவள், ஊருக்குள் மட்டும் ஓட்டு, மலை ஏற்றாதே என்றாள். ஏன் என்று கேட்டான். ஆயில் விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இன்னும் ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிச் சிரிப்பான்.

“உனக்கு வண்டி பழக்கமில்லை, அதான்” என்றாள்.

அவன் சரி என்று வாக்குக் கொடுத்தான்.

மறுநாள் காலை கோத்தகிரியிலிருந்து போன் வந்தது. இளவழகனின் மனைவி கயலுடைய அம்மா மயங்கி விழுந்துவிட்டார், உடனே அறுவை சிகிச்சை வேண்டும், மகள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். வாடகைக் கார் வர ஒரு மணி நேரமாகும் என்று தெரிந்தது. இளவழகன் அக்காவுக்கு மூன்று முறை போன் செய்தான். அவள் தியேட்டருக்குள் இருந்தாள். தனக்கு மலைப்பாதை பழக்கம்தானே, மெதுவாகப் போனால் போகிறது என்று கயலை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாமியார் பிழைத்தார்.

கயலை அங்கேயே விட்டுவிட்டு, அக்காவின் வண்டியை அன்றே ஒப்படைத்துவிட வேண்டும் என்று அவன் தனியாக இறங்கினான். நாலாவது வளைவில் மிதித்த பெடல் தரை வரை போயிற்று. மறுபடி மிதித்தான். மறுபடியும் போயிற்று. எதிரே பள்ளிக்கூட வேன் ஏறி வந்துகொண்டிருந்தது. வண்டியை ஒடித்து மலைச்சுவரில் மோதினான். வேனில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

பெடலை ஒட்டிய உருளையில் கசிந்த ஆயில் வெளியே சொட்டாமல் உள்ளுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். டேவிட் ஞானசிகாமணி மருத்துவமனைக்கு வந்து, விளக்கைப் பற்றிச் சொல்லித்தானே விற்றேன் என்று அழுதார். சிக்கந்தர், வெளிக்கசிவைத் தேடியதோடு விட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த இளவழகன், மலை ஏற்றாதே என்று அக்கா சொன்னாள், மீறியது நான்தான், யாரையும் ஒன்றும் கேட்காதீர்கள் என்றான். கதவோரம் நின்ற நப்பின்னை வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை ஆயில் இறங்கியது அங்கே அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

விற்றவர், பழுது பார்த்தவர், கொடுத்தவள், வாக்கு மீறியவன். இந்த நால்வரில் அந்தக் காலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

பதில்: நப்பின்னைதான். டேவிட் தவறாக ஊகித்தார், ஆனால் கண்டதைச் சொன்னார். சிக்கந்தரின் கண்ணுக்குக் கசிவு தப்பியது, ஆனால் எப்போது வண்டியை நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார். இளவழகன் மீறினான், ஆனால் அவனுக்குச் சொல்லப்பட்ட காரணம் பொய். உயிர் ஊசலாடும்போது அந்தக் காரணத்துக்காக யாரும் நின்றிருக்க மாட்டார்கள். ஆபத்து இருப்பதை அறிந்தவள் ஒருத்திதான். கேலிக்கு அஞ்சி அதை மறைத்தாள். விபத்து நடந்த எட்டாம் நாள் அவள் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள். அவன், “நீ சொல்லலேன்னா கடைசி வரைக்கும் என் தப்புன்னே நெனச்சுட்டு இருந்திருப்பேனேக்கா” என்றான். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் அவளிடம் பேசவில்லை.