பெயர் சொல்லாத மன்றாட்டு

"பத்து வாரம் நடையா நடந்தேன், தங்கச்சி. இப்போ ஸ்தெல்லா கதவையே திறக்க மாட்டேங்கிறா" என்றார் இன்னாசிமுத்து.

ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். பங்குக் கோவிலில் 'துணையிருப்போர்' என்று பன்னிரண்டு பேர் உண்டு. அவர்களில் ஒருவர்.

கஷ்டத்தில் இருக்கும் ஒருவர் வீட்டுக்கு ஆளுக்கொருவராக வாரம் ஒருமுறை போக வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதுதான் பலருக்கு முடிவதில்லை.

அவர்களைப் பழக்கியவள் பிலோமின். தையல்காரி. இன்னாசிமுத்துவை விட இருபது வயது இளையவள்.

"என்ன செஞ்சீங்க, அண்ணாச்சி?"

"செபம் பண்ணினேன். வேற ஒண்ணும் செய்யல."

ஸ்தெல்லாவின் கணவன் மஸ்கட்டில் வேலை செய்கிறான் என்றுதான் ஊர் நம்பியிருந்தது. எட்டாவது படிக்கும் மகளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். ஒன்பதாவது வாரம் ஸ்தெல்லா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். அவன் திருப்பூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான்.

இன்னாசிமுத்துவுக்கு மனசு தாங்கவில்லை. தெருக்காரர்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னன்னு மன்றாடினீங்க?"

"வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு கணவர் மனந்திரும்பித் தம் குடும்பத்திடம் வர வேண்டுமென்று... பேர் சொல்லலியே, தங்கச்சி!"

அந்தத் தெருவில் வெளிநாட்டுக் கணவன் ஒருத்திக்குத்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அந்தப் பிள்ளையிடம் கேட்டாளாம்: "உங்க அப்பா மனந்திரும்பிட்டாராடி?"

பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டது. அதோடு சரி. பள்ளிக்கூடம் போய் ஒரு வாரமாகிறது. அம்மாவோடு பேசுவதும் இல்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க லெட்டரைப் பிரிச்சுப் பார்த்தவன் இல்ல நான். அவளுக்காகச் செபிச்சது ஒரு தப்பா? நீ போய்ச் சொல்லேன், கதவைத் திறக்கட்டும்."

பிலோமின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீங்க ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க, அண்ணாச்சி?"

இன்னாசிமுத்துவின் குரல் இறங்கியது.

"என் வீட்டுக்காரி சாகக் கிடந்தப்போ மகனைப் பார்க்கணும்னு கேட்டா. என் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணினவன். மூணு நாள் கேட்டா. அவனுக்குச் சொல்லி அனுப்பிட்டேன், வந்துட்டிருக்கான்னு அவகிட்ட சொன்னேன். நான் அவனுக்குச் சொல்லவே இல்ல. வாசலைப் பார்த்துக்கிட்டே போய்ட்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என் மகனுக்கும் தெரியாது."

"சரி" என்றாள் பிலோமின்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பன்னிரண்டு பேரும் பிலோமினும் வட்டமாக நின்று கை கோத்தார்கள். வழக்கம்போல ஒவ்வொருவராக மன்றாடினார்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் பதில் சொன்னார்கள்.

கடைசியில் பிலோமின் கண்ணை மூடினாள்.

"சாகக் கிடந்த மனைவிக்குக் கடைசிவரை உண்மையைச் சொல்லாத, ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவருக்காக..."

வட்டத்தில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. இன்னாசிமுத்து இரண்டு பக்கமும் கையை உதறினார்.

"தங்கச்சி! நிறுத்து! உன்னை நம்பித்தானே சொன்னேன்!"

பிலோமின் கண்ணைத் திறந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"செபந்தானே, அண்ணாச்சி. பேர் சொல்லலியே."