குன்றிமணி கண் திறந்த கதை

அந்தக் காலத்தில், விதையும் வேரும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, குன்றிமணிக்குக் கண் கிடையாது. உச்சி முதல் அடி வரை ஒரே சிவப்பு. ஆனால் வாய் உண்டு, அதுவும் கொஞ்சம் நீளமான வாய். பொன் நிறுக்கும் ஆசாரிமார் அவளைத் தராசில் வைத்து எடை கேட்பார்கள். அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கண் இல்லையே என்று யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"எடை பாக்கறவளுக்குக் கண்ணு எதுக்குங்க?" என்பாள். பொய்யே சொன்னதில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு தலைக்கனம்.

ஒருநாள் காலையில் நஞ்சப்ப ஆசாரி அவளைச் சிமிழில் போட்டு ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வீட்டு அம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெரியணன், செல்லணன் என்று இரண்டு மகன்கள். அவர்களுக்குள் பாகப்பிரிவினை. காடு பிரித்தாயிற்று, மாடு பிரித்தாயிற்று. மிச்சம் அம்மாவின் ஒட்டியாணம் ஒன்றுதான். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்திருந்த தங்கை அங்காயி கதவோரம் நின்றாள்.

"உனக்கு ஏதாச்சும் வேணுமா அம்மிணி?" என்று செல்லணன் ஒப்புக்குக் கேட்டான்.

"ஆத்தா போட்டுவுட்ட மூக்குத்தி இருக்குதுங்கண்ணா, அது போதும். நான் வந்து போறதுக்கு இந்த வாசல் இருக்கோணும். நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருங்க."

ஆசாரி ஒட்டியாணத்தை உளி வைத்து இரண்டாக வெட்டினார். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும், அதுதான் முறை. பெரியணன் வைத்தான், செல்லணன் எடுத்தான். இரண்டு துண்டும் இரண்டு தட்டில் ஏறின. பெரியணன் தட்டு லேசாக மேலே நின்றது. ஆசாரி குன்றிமணியை அந்தத் தட்டில் வைத்தார். முள் நேராக நின்றது. அவள் ஏறினால்தான் சமம், அதாவது பெரியணன் பங்கில் ஒரே ஒரு மணி எடை குறைவு. உளி பட்டபோது தெறித்த துகளாக இருக்கலாம்.

ஆசாரி தட்டின் மேல் குனிந்தார். "சரியா இருக்குதுன்னு சொல்லீரு தாயி. ஒரு மணிதான். கூடப் பொறந்தவங்க சமாச்சாரம்," என்றார் மெல்ல.

குன்றிமணிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாகக் கட்டிக்காத்த பெயரை ஒரு ஒட்டியாணத்துக்காக விட்டுவிடுவதா? வீட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "மூத்தவருக்கு ஒரு மணி குறையுது," என்றாள்.

"குறையறதை நீ குடு," என்றான் பெரியணன்.

"பங்கு வெச்சது நீங்கதானுங்களே. என்ற துண்டைத் தொடாதீங்க," என்றான் செல்லணன்.

"அப்ப ஆத்தா பொன்னு இன்னொண்ணு இந்த வீட்டுக்குள்ளதான் நிக்குது," என்று பெரியணனின் குரல் கதவோரம் திரும்பியது.

செல்லணன் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம், பாவி.

"கழட்டித் தர்றனுங்கண்ணா," என்றது அங்காயியின் குரல். ஆறு வயதில் போட்ட மூக்குத்தி. திருகு இறுகிப் போயிருந்தது. "வரமாட்டேங்குது, கொஞ்சம் பொறுங்க. துளி எண்ணெய் போட்டா..."

விறுவிறுவென்று காலடிச் சத்தம். வளையல் உடையும் சத்தம். பிறகு ஓர் அலறல். அப்படி ஓர் ஓசையைக் குன்றிமணி ஜென்மத்தில் கேட்டதில்லை.

அவள் பக்கத்தில் தட்டில் ஏதோ வந்து விழுந்தது. பொன் என்றால் குளிர்ச்சியாக இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக அவள் மேல் வழிந்தது. என்ன இது, என்ன இது என்று அவள் தவித்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் தவிப்பில் அவள் உச்சி வெடித்து, கறுப்பாக ஒரு கண் திறந்தது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்காயி தரையில் உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் இரத்தம் கொட்டியது. அண்ணன்மார் இருவரும் தங்கையைப் பார்க்கவில்லை. தலையோடு தலை முட்டக் குனிந்து, தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பச் சரியா? சொல்லு," என்றான் பெரியணன்.

குன்றிமணி வாயைத் திறந்தாள். ஒற்றைச் சொல்தான். சற்று முன்பு ஆசாரி கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய அதே சொல். அது வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் இறங்கவில்லை.

அங்காயி எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள். பிறகு அந்த ஊர்ப் பக்கமே அவள் வரவில்லை.

அன்று முதல்தான் குன்றிமணிக்குப் பேச்சு நின்றது, மூட முடியாத கறுத்த கண்ணும் வந்தது. அவளை உடைத்து வாயில் போட்டவரைக் கொல்கிறதே ஒரு விஷம், அது அன்று அவள் சொல்லத் தவறிய 'சரி'தான்.