யானை பிடித்த வடம்

முன்னொரு காலத்தில் நெடுமாவூர்ச் சீமையை விசயகண்டன் என்ற ராஜா ஆண்டான். மனம் குளிர்ந்தால் ஊரையே தானம் கொடுப்பான், கொதித்தால் நாக்கை அறுப்பான். எது எப்போது என்று அவனுக்கே தெரியாது, நமக்கு எப்படித் தெரியும்?

அவன் தகப்பன் சமாதிக் கோயிலின்மேல் ஒரு கிழட்டு இலுப்பை சாய்ந்து நின்றது. இடி விழுந்து பட்டுப்போன மரம். அடியோடு வெட்டினால் கோயில் நொறுங்கிப்போகும். மாசாணம் என்ற மரம்வெட்டி வந்து, கிளை கிளையாகக் கட்டி, பிள்ளையைத் தூளியில் போடுவதுபோல் இறக்கிவிடுகிறேன் என்றான். ராஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய், சபையில் தன் கையாலேயே அவனுக்கு வெற்றிலை கொடுத்தான். பிரதானி வரகுணருக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷமாக அந்தச் சபையில் நிற்கிறார், அவருக்கு ஒரு காம்புகூடக் கிடைத்ததில்லை.

வேலை இதுதான். கிளையில் கட்டிய வடத்தை மேலே ஒரு கவட்டையில் போட்டுக் கீழே கொண்டுவந்து, அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, அதன் வாலை ஒருவர் பிடித்திருப்பார். கிளை முறிந்ததும் வடத்தை மெல்ல நழுவ விடவேண்டும். பன்னிரண்டு வருஷமாக மாசாணத்துக்கு வால் பிடித்தவள் அவன் பெண்டாட்டி சடைச்சி. மகாராஜாவின் தகப்பனார் கோயிலை ஒரு பொம்பளை கையிலா ஒப்படைப்பது, போரில் ஓரடி நகராத நம் பட்டத்து யானை பிடிக்கட்டும் என்றார் பிரதானி. யானை என்றால் ராஜாவுக்கு உயிர். உடனே சரியென்றான்.

யானைப்பாகன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, அதற்கு இழுக்கத் தெரியும், நிற்கத் தெரியும், நழுவ விடத் தெரியாது என்றான். பட்டத்து யானையையே குறைசொல்கிறான் என்று பிரதானி தூபம் போட, ராஜாவின் உத்தரவில் அன்றைக்கே பாகனின் நாக்கு போயிற்று. இனி எவன் குறை சொன்னாலும் இதே கதிதான் என்று தமுக்கும் அடித்தார்கள்.

முதல் கிளை முறிந்தது. யானை வடத்தை நழுவ விடாமல் மலைபோல் நின்றது. வடம் அறவில்லை. அது சுண்டி இழுத்த வேகத்தில் கவட்டை பிளந்து, கிளை கோயிலுக்கு வெளியே விழுந்தது, கவட்டையில் உட்கார்ந்திருந்த மாசாணமும் விழுந்து செத்தான். வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு நின்றாள் சடைச்சி. அந்தப் பாவி மகளின் கை அப்போதும் வடத்தை நழுவ விடுவதுபோல் அசைந்துகொண்டே இருந்ததாம்.

செத்தவன் போட்ட முடிச்சில்தான் குற்றம் என்றார் பிரதானி. ராஜாவும் நம்பினான். மூன்றாம் நாள் சடைச்சியின் தம்பி உடையான் ஏறவேண்டும், வடத்தை யானையே பிடிக்கும் என்று உத்தரவாயிற்று. சடைச்சிக்கு மிஞ்சியது அந்தத் தம்பி ஒருவன்தான். யானை வேண்டாம் என்று சொன்னால் அவள் நாக்கும் போகும், அவன் உயிரும் போகும். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் யோசித்தாள். மூன்றாம் நாள் விடிந்ததும் சபைக்குப் போய் விழுந்து கும்பிட்டாள்.

"சாமி, யானையே பிடிக்கட்டும். அதைவிட ஒசந்த கை ஏது? எங்க சாதிசனத்துல ஒரு முறை இருக்கு, அதை மட்டும் நடத்திக் குடுக்கணும்."

"என்ன முறை?"

"புதுசா ஒருத்தர் வால் பிடிச்சா, அவருக்குப் பிணை சொன்னவர் மரத்துமேல, வெட்டுறவன் பக்கத்துல உக்காரணும். நான் மொதமொதப் பிடிச்ச அன்னைக்கு எங்கப்பன் உக்காந்தார். என் புருஷன் மகாராஜா முன்னால வாய் திறக்கப் பயந்து, இதைக் கேக்காம விட்டுட்டான்."

ராஜா பிரதானியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "யானைக்குப் பிணை நீர்தானே? ஏறும்."

பிரதானி முழங்கால் வலி என்றார், ராகுகாலம் என்றார். வேடிக்கை என்று வந்துவிட்டால் ராஜா விடுவானா? இடுப்பில் கயிறு கட்டி அவரை மேலே ஏற்றினார்கள். அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரில்தான் பிளந்த கவட்டை, காய்ந்த ரத்தத்தோடு இருந்தது. கீழே யானை வடத்தோடு அசையாமல் நின்றது. உடையான் கோடாலியை ஓங்கினான். ஒரு வெட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது. மூன்றாவதற்குள் பிரதானி அலறிவிட்டார்.

"நிறுத்துடா. யானை விடாது, கவட்டை பிளந்துடும். யானையை அவிழ்க்கச் சொல்லு."

ராஜாவின் முகம் கறுத்தது. "யானை விடாது என்று உமக்கு யார் சொன்னது?"

"பாகன்தான் அன்றைக்கே சொன்னானே" என்றார் பிரதானி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

சடைச்சி யாரையும் கேட்கவில்லை. யானையிடமிருந்து வடத்தை அவிழ்த்து, அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, வாலைப் பிடித்தாள். பிரதானியை இறக்க ராஜா சம்மதிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பதினாலு கிளைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. கோயிலில் ஓர் ஓடு உடையவில்லை. பிரதானி கடைசியாக இறங்கினார்.

யானையைக் குறைசொன்ன பிரதானியின் நாக்கை அறுக்கச் சொன்னான் ராஜா. சடைச்சிக்கு ஓர் ஊரை எழுதிவைக்கச் சொன்னான்.

"ஊரு வேண்டாம் சாமி. அந்த நாக்கை எனக்குக் குடுங்க."

"அறுத்தே தருகிறேன்."

"அறுக்க வேண்டாம். அவர் வாயிலயே இருக்கட்டும். என் புருஷன் முடிச்சுல குத்தம் இல்லைன்னு சந்தை சந்தையாப் போயிச் சொல்ல ஒரு நாக்கு வேணும். நெசத்தைச் சொன்ன பாகன் நாக்கை அறுக்கச் சொன்னது யாருன்னும் அது சொல்லணும்."

யார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ராஜா பாகனைப் பார்த்தான். பாகனும் ராஜாவைப் பார்த்தான். முதலில் தலைகுனிந்தவன் ராஜாதான். அப்படியே ஆகட்டும் என்றான்.

அன்றுமுதல் பிரதானி சந்தை சந்தையாக நின்று அந்தக் கதையைச் சொன்னார். பாகன் அங்குசத்தோடு பக்கத்திலேயே நிற்பான். ராஜாவின் பெயர் வருகிற இடத்தில் பிரதானி குரலைத் தாழ்த்துவார். பாகன் அங்குசத்தால் அவர் தோளைத் தட்டுவான். பிரதானி மறுபடி முதலிலிருந்து சொல்லுவார்.