புயலன்று பிடுங்கிய சாவிகள்

ஏட்டு குஞ்சிதபாதம் கை காட்டி நிற்காத வண்டி கிடையாது. பஸ் நிற்கும், மணல் லாரி நிற்கும். ஒருமுறை மந்திரி வீட்டுக் கல்யாண ஊர்வலமே நின்றது. ஓய்வு பெற்று, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கடற்கரைச் சாலையில் இருக்கும் மரகதம் அம்மாவின் மடத்துக்குச் சீடராக வந்த பிறகுதான் நிற்காத ஒன்றும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

“அம்மா, கண்ணை மூடினா மனசு ஓடுது,” என்றார். “கை காட்டிப் பார்த்துட்டேன். அதட்டியும் பார்த்துட்டேன். நிக்கமாட்டேங்குது. எப்படிம்மா நிறுத்துறது?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அம்மாதான்.

“எங்க ஓடுது?”

“கண்ட இடத்துக்கும் ஓடுதும்மா.”

சுத்தப் பொய். அது ஓடுவது ஒரே இடத்துக்கு. கும்பகோணத்தில் மகள் பூங்கோதை இருக்கிற வீட்டுக்கு. மனசுக்குப் பிடித்தவனைத்தான் கட்டுவேன் என்று அவள் சொன்ன அன்று, குஞ்சிதபாதம் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. அவளுடைய ஸ்கூட்டி சாவியைப் பிடுங்கி இடுப்பு மடியில் செருகிக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய்விட்டாள். பச்சைக் கிளி பொம்மை தொங்கும் அந்தச் சாவி இன்னும் அவர் மடியில்தான் இருக்கிறது.

அம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“வானம் சரியில்லை, ஏட்டய்யா. விறகை எடுத்து உள்ள போடுங்க,” என்றார்.

மறுநாள் மத்தியானம் புயல் வந்தது. காற்று என்றால் அப்படியொரு காற்று. மடத்து ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. கொஞ்ச தூரத்தில் உப்பாற்றின் மேல் இருக்கும் தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. அது தெரியாமல் சாலையில் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன.

“போங்க ஏட்டய்யா,” என்றார் அம்மா. “வர்றவங்களை எல்லாம் உள்ள கூப்பிடுங்க. நான் கஞ்சி வைக்கிறேன்.”

குஞ்சிதபாதம் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய விசிலை எடுத்தார். மழை ஊசியாகக் குத்தியது. மனுஷன் அசரவில்லை. நடுரோட்டில் நின்று ஊதினார்.

“லாரியைச் சுவரோரமா விடு! ஏய் பஸ்சு, புளியமரத்தடியில நிறுத்தாதே, கிளை முறியும்! காரு, இப்படி உள்ள வா! பைக்கெல்லாம் கொட்டகைக்குள்ள!”

எல்லாம் நின்றன. எல்லாரும் இறங்கி உள்ளே போனார்கள். ஆனால் பழக்கம் எங்கே போகும்? ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் அவர் கை தன்னால் நீண்டு சாவியைப் பிடுங்கியது. பைக் சாவி, கார் சாவி, லாரி சாவி. அவசரத்தில் எவனாவது பாலத்துக்கு ஓடிவிட்டால்? இப்போது ஒருவனும் ஓட முடியாது. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

மடத்துக் கூடத்தில் அம்மா எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினார். யாரும் குடிக்கவில்லை. எல்லார் கண்ணும் வாசலில் நின்ற குஞ்சிதபாதத்தின் புடைத்த மடியிலேயே இருந்தது.

“அடைக்கலம் குடுக்கிறாராம். அரெஸ்ட் பண்ணி வச்ச மாதிரியில்ல இருக்கு!” என்றாள் பஸ்ஸில் வந்த ஒரு பெண்.

அப்போதுதான் நாடிமுத்து எழுந்து வந்தான். மீன் ஏற்றும் லோடு ஆட்டோ அவனுடையது.

“ஐயா, என் சாவியைக் குடுங்க.”

“தண்ணி வடியட்டும்.”

“அக்கரையில என் மக தனியா இருக்காய்யா. எட்டு வயசு. அவ அம்மா குவைத்துல இருக்கா. போனும் போகமாட்டேங்குது. வீடு வெறும் கீத்துக் கொட்டகை.”

“போனா செத்துடுவே.”

“அவ என்ன ஆனாளோன்னு இங்க உக்காந்து கஞ்சி குடிக்கச் சொல்றீங்களா? நீங்கள்லாம் பிள்ளை பெத்தவர்தானா?”

குஞ்சிதபாதத்துக்குச் சுருக்கென்றது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நாடிமுத்து அவர் வேட்டியைப் பிடித்தான். அவர் அவன் கையை முறுக்கினார்.

“குடுத்துடுங்க,” என்றார் அம்மா, கையில் கஞ்சிக் கரண்டியோடு.

“அம்மா, இவன் ஆத்துல போயிடுவாம்மா!”

“குடுத்துடுங்க ஏட்டய்யா. இவருக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்.”

மடியை அவிழ்த்தார். சாவிகள் தரையில் கொட்டின. நாடிமுத்து தன் சாவியைப் பொறுக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினான். ஒருவர் குனிந்து, “இந்தக் கிளி போட்டது யாருதுங்க?” என்று கேட்டார். குஞ்சிதபாதம் அதை வெடுக்கென்று வாங்கி மறுபடி செருகிக்கொண்டார். அம்மா பார்த்தார்.

வெளியே ஆட்டோ உறுமியது. அம்மா விறுவிறுவென்று நடந்து போய், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா! நீங்க எறங்குங்க!” என்று கத்தினான் நாடிமுத்து.

“உன் பொண்ணு பேரு என்ன தம்பி?”

“யாழினி.”

“சரி, வண்டியை எடு.”

குஞ்சிதபாதம் வாசலிலிருந்து ஓடி வந்தார். அடப்பாவி மனுஷி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். குருவை அப்படிச் சொல்லலாமா என்று யோசிக்க நேரம் இல்லை. நகரத் தொடங்கிய வண்டியின் பின்பக்கம் தாவி ஏறி, காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே விழுந்தார். பின்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் அட்டை வைத்து அடைத்திருந்தது. அது மழையில் ஊறிக் கழன்றுவிட்டதால் உள்ளே பேசுவது கேட்டது.

தரைப்பாலம் நெருங்க நெருங்க வண்டியின் வேகம் குறைந்தது. பாலம் எங்கே, ஆறு எங்கே என்று தெரியவில்லை. ஒரு தென்னை மரம் வேரோடு மிதந்து போனது. முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டதும் நாடிமுத்து பிரேக்கை மிதித்தான்.

“அம்மா, உங்க காலைத் தொட்டுக் கேட்கிறேன். எறங்கிடுங்க. நான் மட்டும் போறேன்.”

“யாழினிதான் தனியா இருக்கா. நீயும் ஏம்பா தனியாப் போகணும்?”

அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கி அழுதது. அம்மா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பு என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

“இடி இடிச்சா யாழினி என்ன பண்ணுவா?” என்று கேட்டார்.

“பயந்துக்குவாம்மா.”

“பயந்தா?”

“நேரா ரோசம்மா அக்கா வீட்டுக்கு ஓடிடுவா. எதிர்த்த வீடு. மச்சு வீடு. அவங்க முந்தானைக்குள்ள போய்...”

மூக்கைச் சட்டையில் துடைத்தான். பின்னால் இருந்த குஞ்சிதபாதம், வண்டி மெல்ல ரிவர்ஸ் போவதை உணர்ந்து, ஒரு மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தேம்பினார்.

மடத்துக்குத் திரும்பியபோது, எல்லாரும் அவரவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டிகூட நகர்ந்திருக்கவில்லை.

விடிந்ததும் தண்ணீர் வடிந்தது. குஞ்சிதபாதம் கம்பை ஊன்றிப் பார்த்துக்கொண்டே பாலத்தில் முதலில் இறங்கி நடந்தார். விசில் ஊதி வண்டிகளை ஒவ்வொன்றாகக் கடத்திவிட்டார். முதல் வண்டி நாடிமுத்துவுடையது. அக்கரையில் ரோசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு வாண்டு நின்றது.

“அப்பா! ரொட்டி வாங்கியாந்தியா, மறந்துட்டியா?”

நாடிமுத்து வண்டியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினான். பாலத்தை மறித்ததற்கு ஏட்டய்யா அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஊத வேண்டிய விசிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மடத்துக்கு வந்தார். அம்மா வாசலில் விழுந்து கிடந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அவன் வண்டியைத் திருப்பலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“நல்லா நனைஞ்சிருப்பேன்.”

“விளையாடாதீங்கம்மா.”

“அவன்கூட இருந்திருப்பேன் ஏட்டய்யா. வேற என்ன பண்ணத் தெரியும் எனக்கு?”

அவரும் குனிந்து ஓடு பொறுக்கினார்.

“அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே,” என்றார் அம்மா. “மனசு ஓடுது, எப்படி நிறுத்துறதுன்னு. எங்க ஓடுது?”

இந்தத் தடவை அவரால் பொய் சொல்ல முடியவில்லை. மடியைத் தடவி, கிளி போட்ட சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

“கும்பகோணத்துக்கும்மா. என் மக பூங்கோதை வீட்டுக்கு.”

சாலையில் புயலுக்குப் பிறகு வந்த முதல் பஸ், மடத்து வாசலில் ஆள் நிற்பதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. அம்மா ஓட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை காட்டி அதை நிறுத்தினார்.

“மனசு பிள்ளையைப் பார்க்கத்தானே ஓடுது,” என்றார். “நீங்களும் அதோட ஏறி உட்காருங்க, ஏட்டய்யா.”