பின்பாட்டில் ஒரு குரல்

ஆற்றங்கரை மடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டுப்பாட்டு உண்டு. ஒருவர் வரி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். மடத்தை நடத்திவந்த நாச்சியாரம்மா ஓரமாக உட்கார்ந்து வெண்கலத் தாளம் தட்டுவார்.

தணிகைவேல் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை தையல்காரர் பிச்சாண்டி வரி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பாட்டில் மலை, ஆறு, விளக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக அடிகள் வரும். ஆற்றைப் பாட வேண்டிய இடத்தில் மலையைப் பாடிவிட்டார். கூட்டமும் தயங்காமல் மலையைப் பாடியது. தணிகைவேல் மட்டும் கணீரென்று ஆற்றைப் பாடினார்.

பிச்சாண்டி திணறி நின்றார். பாட்டு அறுந்தது.

மறுவாரம் பிச்சாண்டி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தணிகைவேலுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அதுதான் அவரை அரித்தது.

“அம்மா, நான் பாடினது சரிதானே?”

“நூத்துக்கு நூறு சரி.”

“பின்னே ஏன் எல்லாரும் மூஞ்சியத் திருப்புறாங்க? ஒரு மனுஷன் வராமலே போயிட்டார். என்னாலதான்னா நான் மடத்தை விட்டுப் போயிடுறேன்.”

“போறது இருக்கட்டும், வாத்தியாரே. இந்த வெள்ளி நீங்க எடுத்துக் கொடுங்க. பிச்சாண்டிக்கு நான் சொல்லி அனுப்புறேன்.”

பிச்சாண்டி வந்தார். நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“வாத்தியார் பாட்டாச்சே! இன்னிக்குக் காதை மட்டும்தான் கொண்டாந்திருக்கேன்” என்றார். சிலர் சிரித்தார்கள்.

தணிகைவேல் கண்ணை மூடித் தொடங்கினார். காலமெல்லாம் பாடிப் பழகிய தொண்டை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மலை முடிந்தது. ஆறு முடிந்தது. கண்ணைத் திறந்தார். பிச்சாண்டி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து விளக்கு வர வேண்டும். மறுபடியும் ஆறு வந்தது.

தப்பு தணிகைவேலுக்கு உடனே உறைத்தது. இதோ, இப்போது எங்கிருந்தாவது ஒரு குரல் எழும்.

கூட்டம் மொத்தமும் ஆற்றைப் பாடியது. அதில் உரத்துக் கேட்டது பிச்சாண்டியின் குரல்தான். நின்று யோசிக்க இடமில்லை. தணிகைவேல் அடுத்த வரிக்குப் போனார். பாட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

சுண்டல் வாங்கும்போது பிச்சாண்டி அவர் தோளை இடித்துக்கொண்டு நின்றார்.

“கனத்த தொண்டை வாத்தியாரே உமக்கு. அடுத்த வாரம் நான் எடுக்கேன். பின்னால பாடுவீரா?”

“பாடுறேன், அண்ணாச்சி.”

எல்லோரும் போனபின் தணிகைவேல் அம்மாவிடம் வந்தார்.

“நான் தப்பாப் பாடினது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே.”

“தெரியாம என்ன?”

“அப்புறம் ஏன் ஒருத்தர்கூட அந்தத் தப்பைப் பிடிக்கல?”

நாச்சியாரம்மா தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“இத்தனை பேர் சேர்ந்து பாடினோம். எந்த வாயில போய்த் தேடுறது, வாத்தியாரே?”