கூப்பிடு தூரத்துச் சட்டம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு ராஜ்ஜியத்தில், ஊஞ்சல் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்தால் சாயங்காலத்துக்குள் அது நடந்தாக வேண்டும். ஒருநாள் கிளிகளுக்கு ஒரு மண்டபம் கட்ட ஆசை வந்துவிட்டது. அரண்மனையை ஒட்டிக் கூடை முடைகிறவர்களின் நாற்பது வீடுகள் இருந்தன. அந்த இடம்தான் வேண்டுமென்றார்.

"அவர்கள் எங்கே போவார்கள், மகாராஜா?" என்று கேட்டார் விகடகவி ஆவுடையப்பர்.

"பழைய குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது!" என்று முந்திக்கொண்டார் மாளிகை அதிகாரி ரங்கராயர். ஆவுடையப்பர் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். விகடகவியை மட்டம் தட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடுவாரா?

அந்த மேட்டில் ராஜாவின் பாட்டனார் காலம்வரை ஊர்க்குப்பை முழுவதையும் கொட்டி, பிறகு மண் போட்டு மூடியிருந்தார்கள். மேலே பச்சைப் பசேலென்று புல். ஆனால் பாட்டனார் விவரமானவர். மேட்டடியில் ஒரு கல் நட்டு, "இம்மேட்டில் நின்று ஒருவர் கூப்பிட்டால் கேட்கும் தூரம்வரை எவரும் புதிதாகக் கட்டடம் கட்டலாகாது" என்று வெட்டி வைத்திருந்தார்.

சட்டம் இருந்தால் என்ன? ரங்கராயர் கபம் கட்டிய தொண்டையோடு இருமிக்கொண்டிருந்த ஓலைக்காரர் ஒருவரைக் கூட்டிப்போய் மேட்டில் நிறுத்திக் கூப்பிடச் சொன்னார். பாவம், அவர் குரல் நாற்பதடி தாண்டவில்லை. நாற்பத்தோராவது அடியில் புது வீடுகளுக்கு முளைக்குச்சி அடித்துவிட்டார்கள்.

அன்று மாலை ஆவுடையப்பர் வீட்டு வாசலில் நிறைமாத வயிற்றோடு வந்து நின்றாள் கூடைக்காரி பிச்சாயி.

"அய்யா, அந்த மேட்டோரத்துக் கெணத்துத் தண்ணிய மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருது. பொறக்கப்போற புள்ளைக்கு அதையா நான் குடுப்பேன்? நீங்கதான் ராசாகிட்ட சொல்லணும்."

ஊரையே சிரிக்க வைக்கிற மனிதர் அன்று சோறு இறங்காமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் சபையில், "அந்த அளவு செல்லாது, மகாராஜா" என்றார்.

"ஏன் செல்லாது? ஒருவர் கூப்பிட வேண்டும் என்றுதானே கல்லில் இருக்கிறது? கூப்பிட்டாரே!" என்றார் ரங்கராயர்.

ராஜா யோசித்தார். "ஆவுடையப்பா, நாளைக் காலையில் வேறொருவரைக் கூப்பிடச் செய். நான் அரண்மனையில் என் ஊஞ்சலில் இருப்பேன். என் காதில் விழுந்தால் உன் அளவு. விழாவிட்டால் முதல் வீட்டை நீயே அங்கே கட்டிக் குடியேற வேண்டும். சம்மதமா?"

"சம்மதம், மகாராஜா. எவர் வேண்டுமானாலும் கூப்பிடலாமா?"

"எவர் வேண்டுமானாலும்!"

ரங்கராயர் சும்மா இருப்பாரா? தண்டோராக்காரர், பயில்வான்கள், கூத்தாடிகள் என்று குரல் உள்ளவர்கள் எல்லாரையும் அன்றைக்கே ஏதோ வேலை சொல்லி வெளியூருக்கு அனுப்பிவிட்டார். விடிந்ததும் வேடிக்கை பார்க்க முதல் ஆளாக மேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ஆவுடையப்பர் தனியாகக் கைகட்டி நின்றார். கூடைக்காரர்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"என்ன விகடகவியாரே, கூப்பிட ஆள் அகப்படவில்லையோ?"

"அகப்படவில்லை, பிரபு. தோற்றுவிட்டேன். ஒரே ஒரு சங்கடம். இந்த மண் உள்ளே புழுத்துப் பொக்கையாகக் கிடக்கிறதென்று இவர்கள் பயப்படுகிறார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன்."

"பொக்கையா? பாறை ஐயா, பாறை!" என்று கத்திய ரங்கராயர், புல் செழித்திருந்த இடமாகப் பார்த்து இரண்டு கால்களாலும் ஓங்கி ஒரு குதி குதித்தார்.

நூறு வருஷத்துக் குப்பை மளுக்கென்று உள்ளே போனது. ரங்கராயரும் இடுப்புவரை கூடவே போனார். குப்பென்று கிளம்பிய நாற்றத்தில் அவருக்குக் கண் இருட்டியது.

"ஐயோ! மகாராஜா! காப்பாற்றுங்கள்!"

அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது அவர் மனைவிக்கே தெரியாது. அரை நாழிகையில் ராஜா தலைப்பாகைகூட இல்லாமல் மூச்சிரைக்கக் குதிரையில் வந்து இறங்கினார். அதற்குள் கூடைக்காரர்கள் பெரிய பிரப்பங்கூடை ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, ரங்கராயரை அதில் அள்ளித் தூக்கி, "அடி ஒண்ணும் படலியே சாமி?" என்று துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடையப்பர் கைகூப்பினார். "மகாராஜா, குரல் எங்கே கேட்டது?"

"ஊஞ்சலில் இருந்த என் காதிலேயே விழுந்ததடா!"

"அப்படியானால் அளந்தாயிற்று. இங்கிருந்து தங்கள் ஊஞ்சல்வரை புதிதாக ஒன்றும் கட்டலாகாது."

ராஜா திடுக்கிட்டார். "நடுவில் வருகிற என் கிளி மண்டபம்?"

"கிளிகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று கல்லில் தேடிப் பார்த்தேன், மகாராஜா. காணவில்லை."

ராஜா கல்லைப் பார்த்தார். குப்பையில் குளித்த ரங்கராயரைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற பிச்சாயியையும் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பர் கழுத்தில் போட்டு, "வா, இன்றைக்கு நீயும் என்னோடு ஊஞ்சலில் உட்கார்" என்று குதிரையில் ஏற்றிக்கொண்டார்.

பிச்சாயியின் பிள்ளை பழைய வீட்டிலேயே பிறந்தது. கல்லில் மட்டும் ஒரு வரி கூடியது: "கூப்பிடுபவர் ரங்கராயராகவே இருத்தல் வேண்டும்." அவர் இருந்தவரை அந்த ராஜ்ஜியத்தில் எந்தக் குப்பைமேட்டுக்குப் பக்கத்திலும் ஒரு குடிசைகூட எழும்பவில்லை.