வைக்கோல் அடைத்த மணி

கேளுங்கள் குழந்தைகளே. பக்கத்தில் இருக்கும் பெரியவர்களும் கேட்கலாம். இது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கடலோரத்து உப்பு, மாட்டுவண்டி ஏறி ஊர் ஊராகப் போன காலம் அது. பவளி என்றொரு உப்புக்காரி இருந்தாள். அவளுக்கு வெண்ணி என்று ஒரே மகள். வண்டியிலே பிறந்தவள், வண்டியிலே வளர்ந்தவள், காளைகளை அதட்டி அதட்டியே பேசக் கற்றவள்.

ஒரு கோடையில் மேற்கு வழிக் கிணறுகள் வற்றிப்போயின. அந்த வெயிலைச் சின்ன உயிர் தாங்காது. வழியில் ஓர் ஆயர்பாடி. அங்கே உப்புக்கு நெய் மாற்றிப் பழகிய சிநேகிதி நங்கை இருந்தாள். அவளிடம் மகளை விட்டுப்போகப் பவளி முடிவு செய்தாள்.

"சொன்னா அழுவா, நங்கை. தூங்கும்போதே கிளம்பிடறேன்" என்றாள்.

உப்புக்காரர்களின் வழக்கம் அது. ஊர் உறக்கம் கலையாமல் புறப்பட, காளைகளின் கழுத்துமணிக்குள் வைக்கோலைத் திணித்துவிடுவார்கள். மணிக்கு நாக்கு இருக்கும், ஒலி இருக்காது.

வெண்ணி விழித்தபோது வண்டி நின்ற இடத்தில் வெயில் நின்றது. தரையில் கசங்கிய வைக்கோல் துணுக்குகள் கிடந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை ஊரில் அவளே சிரித்துக்கொண்டு மணிகளுக்கு வைக்கோல் திணித்திருக்கிறாள்!

அவள் அழவில்லை. நங்கை கூழ் கொடுத்தாள், "புளிக்குது" என்றாள் வெண்ணி. தயிர் கொடுத்தாள், "உப்பு பத்தல" என்றாள். வெண்ணெய் உருட்டிக் கொடுத்தாள்; அதை வெண்ணி நாய்க்குப் போட்டாள்.

நங்கையின் கணவன் கோவன் சிரித்தான். "மகாராணிக்கு எங்க ஊர் பிடிக்கலையோ?"

"இதெல்லாம் ஒரு ஊரா? நகரவே மாட்டேங்குது!"

கொட்டிலின் மூலையில் ஒரு கன்று நின்றது. வேறொரு மந்தையிலிருந்து புதிதாக வந்தது. புல்லைத் தொடவில்லை, தண்ணீரைத் தொடவில்லை, வாசலையே பார்த்தது.

"இப்படியே இருந்தா பிழைக்காது" என்றான் கோவன். இப்போது அவன் சிரிக்கவில்லை.

வெண்ணி தன் பாவாடை முடிச்சை அவிழ்த்தாள். அதில் கொஞ்சம் உப்பு இருந்தது, அவள் தூங்கும்போது அம்மா முடிந்துவைத்தது. உள்ளங்கையில் கொட்டி நீட்டினாள். கன்று முகர்ந்தது, நக்கியது, பிறகு மெல்லப் புல்லைக் கடித்தது. அன்றிலிருந்து அவள் கையால் மட்டுமே தின்றது. அவள் நகர்ந்தால் அதன் கழுத்துமணி பின்னாலேயே ஒலித்துவரும்.

ஆனாலும் வெண்ணியின் எண்ணம் மாறவில்லை. வண்டித்தடம் பார்த்து மேற்கே நடந்துவிட வேண்டும். கிணறுகள் வற்றிய வழி அது என்பதை அவள் நினைக்கவில்லை.

ஒரு நாள் கிழக்கு வெளுக்கும் நேரம் எழுந்தாள். சுரைக்குடுக்கையில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். கன்று உறங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்தால் மணி ஒலிக்கும். மணி ஒலித்தால் நங்கை எழுந்துவிடுவாள். வெண்ணி ஒரு பிடி வைக்கோலைக் கசக்கி, மணிக்குள் திணிக்கக் குனிந்தாள்.

கை நின்றுவிட்டது.

கன்று விழிக்கும். வாசலைப் பார்க்கும். பிறகு புல்லைத் தொடாது.

அம்மாவும் வைக்கோலை இப்படிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாளோ? அம்மாவின் கையும் கொஞ்சம் நின்றிருக்குமோ?

அப்போதுதான் வெண்ணி அழுதாள், வந்த நாளிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து. நங்கை எழுந்து வந்தாள். குடுக்கையைப் பார்த்தாள், வைக்கோலைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து வெண்ணி மூக்கை உறிஞ்சினாள். "கூழ் இருக்கா அத்தை?"

"இருக்கு. புளிக்குமே?"

"பரவாயில்ல."

மழை பெய்தது. கிணறுகள் ஊறின. ஒரு மாலை உப்புவண்டி திரும்பி வந்தது. பவளி மகளை வாரி அணைத்தாள்; வெண்ணியும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை வண்டி பூட்டி நின்றது. வெண்ணி கொட்டிலுக்குப் போய்க் கன்றைத் தட்டி எழுப்பினாள். நங்கையின் உள்ளங்கையைப் பிடித்திழுத்து அதில் உப்பை வைத்து, கன்றிடம் சொன்னாள்.

"இங்க பாரு. நான் போயிட்டு வரேன். அடுத்த தடவை நெய் வாங்க வருவேன். அதுவரைக்கும் இது அத்தை கை, தின்னணும்."

கன்று கத்தியது. வண்டி நகர நகர மணியை ஆட்டிக் கத்தியது. பாதை வளையும்வரை பார்த்து நின்றது. பிறகு தலையைத் தாழ்த்தி, நங்கையின் கையை நக்கியது.

வண்டியில் பவளி மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "உன்னையும் எழுப்பியிருக்கணும்" என்றாள். "அழுவியேன்னு பயந்தேன்."

"அழுதிருப்பேன்" என்றாள் வெண்ணி. "அழுதுட்டு, அத்தைகிட்டயே இருந்திருப்பேன்மா."

அதன்பின் பவளியின் காளைகள் எந்த ஊரைவிட்டுப் புறப்பட்டாலும் மணியோசையோடுதான் புறப்பட்டன.

அன்புக்குரியவர்களை விட்டுப் பிரியும்போது, அவர்கள் அழுதாலும், முகம் பார்த்துச் சொல்லிவிட்டே பிரிய வேண்டும்.